அக்கா என்று கூப்பிட்டுவிட்டார்

“பொண்டாட்டிய எவனாவது அக்கான்னு கூப்பிடுவானா? அதுலதான் அப்பா மாட்டிக்கிட்டார்.”

“கண்டுபிடிச்சது யாரு?”

“செக்போஸ்ட்ல நின்னவன். உன் தம்பி. அப்பா போன்லயே எங்கம்மாவக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கான், சிரிச்சுக்கிட்டே.”

மங் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான். ஜெர்மனியின் ஹனோவர் நகர டிராம் நிறுத்தத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

எங்கள் ஊர் பர்மா எல்லையில் இருக்கிறது. மலைச்சரிவு யாருக்கு என்று மேட்டு இனமும் ஆற்றங்கரை இனமும் போன மழைக்காலத்திலிருந்து சுட்டுக்கொள்கின்றன. நடுவே தமிழர்களின் சில தெருக்கள். எந்தப் பக்கமும் சேராதவர் என்பதால் என் அப்பாவின் வேனை இரு தரப்பும் போக விடுவார்கள். அரிசி, மருந்து, சில நாள் பிணம். இன்று, மேட்டில் சிக்கியிருந்த ஆற்றங்கரைத் தையல்காரம்மாவுக்கு அம்மாவின் புடவையைக் கட்டி, பொட்டு வைத்து, மனைவி என்று சொல்லி ஏற்றிப் போயிருக்கிறார். சோதனைச் சாவடியில் பழக்கதோஷத்தில், “பாத்து இறங்குங்க அக்கா.” அங்கே நின்ற மங்கின் தம்பி மேட்டு இனத்தவன்தான், ஆனால் எங்கள் கடைத் தோசையில் வளர்ந்தவன். அவனுக்குத் தமிழ் தெரியும்.

“நாளைக்குப் பாலத்துல பேச்சுவார்த்தை, மங். பிடிச்சு வச்சிருக்கற இவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா எவன் வந்து உக்காருவான்? நீ சொன்னா உன் தம்பி கேப்பான்.”

அந்தப் பாலத்தை நான் மனதில் பலமுறை பார்த்திருக்கிறேன். இரு பக்கத்துப் பெரியவர்களும் பேசி முடித்து ஒரே வாளித் தண்ணீரில் கை கழுவுவார்கள். இப்போது அதில் அப்பாவும் புடவையை மடித்துத் திரும்பக் கொண்டுவருகிறார்.

“அவன் துப்பாக்கி எடுத்த அன்னைக்கே நீ என் தம்பி இல்லைன்னுட்டேன், ப்ரியா. என்ன சொன்னான் தெரியுமா? ஜெர்மனியில சமாதானம் பேசறது சுலபம், அங்க ஹீட்டர் இருக்குன்னான்.”

நான் சிரித்துவிட்டேன். உடனே என் மீதே வெறுப்பு வந்தது.

“அவங்களுக்காக நான் பேசினது தெரிஞ்சா எங்கம்மா இருக்கற வீட்டைக் கொளுத்திடுவாங்க. எங்க ஆளுங்களே கொளுத்துவாங்க” என்றான்.

அப்பாவின் எண்ணை அழுத்தினேன். நீண்ட நேரம் அடித்தது. எடுத்தது அப்பா அல்ல, மங்கின் தம்பி.

“ஹலோ? யாரு?”

டிராம் வந்து நின்றது. கதவு திறந்தது. மங் அதைப் பார்த்தான். நான் போனை அவன் காதருகே பிடித்தேன்.

“அந்தம்மா தச்ச சட்டையிலதானேடா ரெண்டு பேரும் ஸ்கூலுக்குப் போனீங்க? அதையாவது சொல்லு. மங், ப்ளீஸ், ஒரு வார்த்தை பேசு.”