இறப்புக்குக் காரணம்

தையல்காரர் மூன்றாம் முறையாக நிமோனியாவோடு வந்து படுத்தபோதுதான் டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. முப்பத்திரண்டு வயது மனிதர், எலும்பும் தோலுமாகக் கிடந்தார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தாள். நாக்கெல்லாம் திரிந்த பால்போல வெள்ளை. பன்னிரண்டு வருடமாக நெஞ்சு நோய்களைப் பார்க்கிறவள், இதை வெளிநாட்டு மருத்துவ இதழில்தான் பார்த்திருந்தாள்.

ரத்தம் தலைநகருக்குப் போய், ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. எய்ட்ஸ்.

தலைமை மருத்துவர் தாளைத் தொடாமலே படித்தார்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதீங்கம்மா. வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க."

"எந்த ஆஸ்பத்திரியில சார் சேத்துக்குவாங்க?"

அவர் பழைய எக்ஸ்ரே அறையை ஒழித்துக் கொடுத்தார். நான்கு கட்டில், ஜன்னல் கிடையாது. வர ஒப்புக்கொண்டது ஒரே ஒரு நர்ஸ்.

டாக்டர் வெறுங்கையால் நாடி பிடித்தபோது தையல்காரர் சிரித்தார். "நான் தச்ச சட்டையெல்லாம் எரிச்சுட்டாங்களாம் டாக்டர். ஒண்ணுலகூட பட்டன் காஜா பிரிஞ்சிருக்காது, பாவம்."

அவர் இறந்த அன்று பிணவறைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். டாக்டரும் நர்ஸுமே உடலைத் துடைத்து, தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். சான்றிதழில் 'இறப்புக்குக் காரணம்' என்ற கட்டத்தில் நோயின் பெயரை முழுதாக எழுதினாள். அந்த வட்டாரத்தில் அப்படி எழுதப்பட்ட முதல் சான்றிதழ் அது.

மருந்து கேட்டுச் சுகாதாரத் துறைக்கு எழுதினாள். 'தங்கள் பகுதியில் ஒரு மரணமே பதிவாகியுள்ளது' என்று பதில் வந்தது. கணக்குதானே வேண்டும், காட்டுகிறேன் என்று நினைத்தாள். நான்கு கட்டிலும் நிறைந்தன, காலியாகின, மறுபடி நிறைந்தன. ஒவ்வொரு சான்றிதழிலும் நோயின் பெயரை எழுதினாள்.

வீட்டுக்கு வந்த தங்கையின் குழந்தையை வாங்கக் கை நீட்டினாள். தங்கை குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"தப்பா நெனச்சுக்காதக்கா. அவருதான் வேணாங்கறாரு."

மூன்றாம் வருடம் தையல்காரரின் மனைவி அதே அறைக்கு நோயாளியாக வந்தாள். மூச்சு வாங்க வாங்கப் பேசினாள்.

"டாக்டர், எனக்கு டிபின்னு எழுதிடுங்க."

"ஏம்மா?"

"அவரு சர்டிபிகேட்டப் பாத்துட்டுதான் எம்பொண்ணப் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்துனாங்க. இப்ப வேற ஊர்ல எங்கக்கா வீட்ல படிக்கிறா. அங்க யாருக்கும் தெரியாது."

டாக்டர் அவள் தலையணையை உயர்த்திவைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "உள்ளத எழுதினாத்தாம்மா மருந்து வரும்."

"எனக்கு வந்துருமா?"

"வராது."

"அப்ப டிபின்னே எழுதுங்க."

வியாழக்கிழமை முற்பகல் அவள் போய்விட்டாள். டாக்டர் சான்றிதழை எடுத்து மற்ற கட்டங்களை முதலில் நிரப்பினாள். பிறகு காசநோய் என்று எழுதினாள். நுரையீரலில் அதுவும் இருந்தது. முழுப் பொய்யில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

செய்தி பரவிவிட்டது. மகனை இழந்த தகப்பன் வந்து கேட்டார். அண்ணனை இழந்தவள் காலில் விழுந்தாள். ஒருத்திக்கு எழுதிய கை மற்றவர்களுக்கு மாட்டேன் என்று சொல்லவில்லை.

அடுத்த ஆண்டறிக்கை வந்தது. 'இப்பகுதியில் புதிய மரணங்கள் இல்லை. நோய் கட்டுக்குள் உள்ளது. தனி வார்டு தேவையில்லை.' அவள் மறுப்பு எழுதினாள். பதிலோடு, காசநோய் என்று அவள் கையெழுத்திட்ட சான்றிதழ்களின் நகல்களையே இணைத்து அனுப்பியிருந்தார்கள்.

"சாவியக் குடுத்துடுங்கம்மா" என்றார் தலைமை மருத்துவர். அவர் குரலில் வெற்றி எதுவும் இல்லை, அலுப்புதான் இருந்தது.

நான்கு கட்டில்களையும் நர்ஸோடு சேர்ந்து வராந்தாவின் கோடிக்கு இழுத்துப்போட்டாள். மழைச் சாரல் அடிக்கிற பக்கம். மருந்து அந்த மருத்துவமனைக்கு வர இன்னும் ஒன்பது வருடம் ஆயிற்று. அன்று வராந்தாவில் படுத்திருந்த நால்வரில் ஒருவரும் அந்த மாதத்தைக்கூடத் தாண்டவில்லை.