பல்லுக்குப் போடுற பொடி

கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டதும் காசியம்மாளுக்கு அறை இருண்டுபோனது. லேசர் வைக்கும் பெண் தேவிப்ரியா, பேனா போன்ற ஒன்றை அவளுடைய வலது முழங்காலுக்குக் கீழே அழுத்தினாள். சூடுகூட இல்லை. தொட்டது தெரியாத அந்த வெளிச்சம் உள்ளே போய் எலும்பைத் தூண்டிவிடும் என்கிறார்கள். பத்து மாதத்துக்கு முன், கரும்புக் கட்டோடு லாரியில் ஏறும்போது பலகை புரண்டு விழுந்தாள். முறிந்த எலும்புக்குள் கம்பி வைத்துத் தைத்தார்கள். கம்பி வைத்தபடி நிற்கிறது. அதைச் சுற்றி எலும்புதான் கூடவில்லை. அடுத்த எக்ஸ்ரே படத்திலும் கூடியிருக்காவிட்டால் கம்பியை உருவிவிட்டு, இடுப்பிலிருந்து எலும்பெடுத்து வைத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகாவது நடப்பாளா என்று அவர் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை.

எலும்பு கூடாததற்குக் காரணம்தான் தெரியவில்லை. சர்க்கரை இல்லை, ரத்தமும் குறைவில்லை. "பீடி, சிகரெட்டு உண்டா?" என்று முதல் நாள் அவர் கேட்டபோது மருமகள் நிர்மலாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பொம்பளைங்க போயி பீடி குடிப்பாங்களா சார்?"

"அந்தக் கண்றாவியெல்லாம் எங்க வூட்டுல இல்லீங்க. நான் வெத்தலகூடப் போட மாட்டேன்" என்றாள் காசியம்மாள், கொரோனாவுக்கு மாட்டிய முகக்கவசத்துக்குள்ளிருந்து. அவள் அறிந்தவரை அது சத்தியம்.

இன்றைக்கு லேசர் முடிந்து எழுந்தபோது லேசாகத் தலை சுற்றியது. தேவிப்ரியா தண்ணீர் கொடுத்தாள். குடிப்பதற்காக முகக்கவசத்தை இறக்கியதும் அந்தப் பெண் பார்த்துவிட்டாள். கீழுதடு உப்பியிருந்தது. வாயோரத்தில் காப்பித்தூள் நிறத்தில் ஒரு கோடு.

"வாயில இன்னாமா?"

"பொடி பாப்பா. பல்லுக்குப் போடுறது."

இடுப்பு மடிப்பிலிருந்து தகர டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். தேவிப்ரியா மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"இது புகையிலமா."

"இதுல எங்க பாப்பா புகை வருது?"

"எத்தினி வாட்டி போடுவீங்க?"

"அத மட்டும் கேக்காதீங்க" என்றாள் நிர்மலா. "சோறு துன்ற நேரந்தான் அந்த வாய்க்கு லீவு."

தேவிப்ரியா சிரிக்கவில்லை. "எலும்புக்கு ரத்தம் போனாதான் அது கூடும். இது போற ரத்தத்தக் கம்மி பண்ணுது. நான் வெளிய லைட்டு அடிச்சிக்கினே இருக்கேன், நீங்க உள்ள இதப் போட்டுக்கினே இருக்கீங்க. எப்படிமா கூடும்?"

காசியம்மாள் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு குழாயடிக்குப் போய் நான்கு முறை வாய் கொப்பளித்தாள். திரும்பி வந்தபோது டப்பா நிர்மலாவின் பைக்குள் போயிருந்தது.

கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாக்கு தானாகவே கீழ் ஈறுக்குப் போய், பொடி தங்குகிற பள்ளத்தைத் துழாவியது. முப்பத்து மூன்று வருஷமாக நிரம்பியிருந்த பள்ளம்.

அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது, மகன் வெற்றிவேல் கைக்குழந்தை. இடஒதுக்கீடு கேட்டு, சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டுப் போக்குவரத்தை நிறுத்திய வாரம் அது. பாவாடை என்ற அவள் புருஷன் கோடாலியைத் தொடவே இல்லை. "மரம் இன்னாடி பண்ணுச்சி?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "ஊரு ஆம்பளைங்க எல்லாம் போய்க்கினு இருக்காங்க. நீ பொட்டச்சியாட்டம் வூட்டுல குந்திக்கினு இரு" என்றாள். போனான். ஐந்தாவது புளியமரம் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. தொடை முறிந்து, ரத்தம் நிற்கவில்லை. கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு ஓடினார்கள். வழிநெடுக மரங்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் கட்டிலை இறக்கி, அந்தப் பக்கம் தாண்டிப் போய், மறுபடி தூக்க வேண்டியிருந்தது. முதல் நான்கும் அவன் வெட்டிய மரங்கள். கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு உயிர் இல்லை.

அழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவளுக்குப் பல்வலி என்று நினைத்து, பக்கத்து வீட்டு சாலம்மாள் ஈறில் பொடியைத் தேய்த்துவிட்டாள். வாய் மரத்தது. அவனைப் போகவைத்து நாக்கில் நின்றுகொண்டிருந்த அந்தச் சொல்லும் சேர்ந்து மரத்துப்போனது. பிறகு அவள் வாயைக் காலியாக விடவில்லை.

பஸ் நின்றது.

"மறியல்" என்றார் கண்டக்டர். "இடஒதுக்கீடு. ஒரு மணி நேரம் ஆவும், தூங்கறவங்க தூங்குங்க."

"அன்னிக்கிக் கேட்டதே இன்னும் முழுசா வந்து சேரல" என்று பின்சீட்டில் ஒரு பெரியவர் சொன்னார். "இந்த பஸ்ஸுலதான் வந்துகினு இருக்குதோ இன்னாவோ." நாலைந்து பேர் சிரித்தார்கள்.

காலையில் வெற்றிவேல் வாசலில் நின்று கேட்டிருந்தான். "யம்மா, எல்லாரும் மறியலுக்குப் போறாங்க. நானும் போவட்டா?" அப்போதுதான் பொடியை அடக்கியிருந்தாள். பேச வேண்டுமானால் துப்ப வேண்டும். "ம்" என்றாள். போ என்றா, வேண்டாம் என்றா, அவளுக்கே தெரியாத ஒரு "ம்". அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"அதோ அத்த, ரெண்டாவது வரிசையில. செவப்புச் சட்ட" என்று நிர்மலா காட்டினாள்.

உட்கார்ந்திருந்தான். சும்மாதான் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் இருந்தவனோடு ஏதோ பேசிக்கொண்டு. அகலப்படுத்திய சாலையில் இரண்டு பக்கமும் ஒரு மரம் இல்லை. வெயில் நேராக அவர்கள் தலையில் இறங்கியது. தூரத்தில் போலீஸ் வேன் ஒன்று வந்து நின்றது.

ஆள்காட்டி விரல் பழக்கத்தில் உதட்டுக்கு வந்தது. கழுவியும் போகாத பழுப்பு, அதே வாசனை. வந்த விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"நிர்மலா."

"டப்பாவக் கேக்காத அத்த. குடுக்க மாட்டேன்."

"அது வேணாம்" என்றாள். அன்றைக்குப் பாவாடையிடம் சொன்னதும் காலையில் இவனிடம் சொல்லாததும் சேர்ந்து என்னவோ வாய்வரை வந்தது. மரத்துப்போகாத வாய்க்குள் அது கனமாக அசைந்தது. நிர்மலா காத்திருந்தாள். காசியம்மாள் ஈர விரலை ஜன்னல் கண்ணாடியில், அந்தச் சிவப்புச் சட்டையின் மேல், அழுத்தி வைத்தாள். விரலை எடுத்த பிறகும் கண்ணாடியில் பழுப்பாக ஒரு ரேகை ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் அவன் தெரியவில்லை.