இந்தக் காரில் என்னவெல்லாம் மாறியிருக்கிறது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாக ஆகியிருக்கவே கூடாது. கார்களைப் பற்றி வெளிவரும் ஒரு மாத இதழில் எனக்கு வேலை. அந்த ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரின் புதுப்பித்த மாடல் ஷோரூமுக்கு வந்திருக்கிறது, பழையதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடு என்றார் ஆசிரியர். என் சுபாவம் தெரிந்தவர் என்பதால், "கதை விடாதீங்க, விஷயத்தை மட்டும் எழுதுங்க" என்று ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். அவர் பேச்சைக் கேட்பது என்றுதான் உட்கார்ந்தேன்.

முதல் வரி இப்படி இருந்தது:

"கூர்மையான புதிய முகப்பு, இருபுறமும் அகலமாகத் திறந்த காற்றுத் துளைகள், மெலிந்த எல்.இ.டி. விளக்குகள் என்று இந்தக் கார் முன்னைவிட —"

முன்னைவிட என்ன? அழகாக என்று எழுத வந்தேன். ஆனால் காருக்கு எதிரே இடுப்பில் கை வைத்து நின்ற என் அண்ணன், "மூக்கைக் கெடுத்துட்டானுங்கடா" என்று சொன்னது நினைவுக்கு வந்து தொலைத்தது. அந்த வாக்கியம் அங்கேயே தொங்குகிறது. தொங்கட்டும்.

2

அண்ணன் எப்படி இங்கே வந்தார் என்று கேட்பீர்கள். கட்டுரைக்காக ஒரு முறை ஓட்டிப் பார்க்க ஏற்பாடு செய்திருந்தேன். விஷயத்தை அண்ணனிடம் உளறியது நான்தான். அவர் அண்ணியையும் கிளப்பிக்கொண்டு எனக்கு முன்னால் ஷோரூம் வாசலில் நின்றார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில் மோட்டார் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். லிஃப்டில் ஏறியவருக்கு எதுவுமே தெரியக்கூடாது என்பதுதான் அவர் வேலை. கிளம்பியதும் தெரியக்கூடாது, நின்றதும் தெரியக்கூடாது. அந்த அலுப்போ என்னவோ, காரில் அவருக்கு எல்லாமே தெரிந்தாக வேண்டும். ரோட்டில் கிடக்கும் பொடிக்கல்கூட முதுகுவரை வந்து விசாரித்துவிட்டுப் போக வேண்டும். அதற்காகவே இதே காரின் பழைய மாடலை வைத்து, பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிறார்.

கொஞ்ச நாளாக அந்தக் காரோடு மனஸ்தாபம். "எஞ்சின் ஊமையாயிடுச்சுடா" என்று புலம்புவார்.* கார் மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அண்ணன் நம்பவில்லை. சத்தம் கூடுதலாக வரும் சைலன்சர் ஒன்றை வாங்கி மாட்டினார். எதிர்வீட்டு அக்கா குழந்தை தூங்கவில்லை என்று சண்டைக்கு வந்தார். அண்ணனுக்கு அப்போதும் போதவில்லை. கடைசியில் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதுசை எடுப்பது என்று முடிவு செய்தார். அவர் கேட்ட சாம்பல் நிறத்தில் ஷோரூமில் ஒரே ஒரு கார். இன்னொருவரும் அதன்மேல் கண் வைத்திருந்தார். ஓட்டிப் பார்த்த மறுநாள் சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

(* இதைப் படித்துவிட்டு, "ஊமைன்னு சொல்லல, மந்தமாயிடுச்சுன்னு சொன்னேன்" என்கிறார் அண்ணன். ஊமை என்றுதான் சொன்னார்.)

3

இனி அண்ணி. இங்கேதான் எனக்குத் தயக்கம்.

அண்ணிக்கு மருத்துவமனையில் வேலை. வருகிறவர்களுக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துச் சொல்லும் வேலை. நீங்கள் புருவத்தைத் தூக்குவது தெரிகிறது. சத்தம் போதவில்லை என்று அலைகிற கணவன், காது சோதிக்கிற மனைவி. கதை எழுதுகிறவன் செய்த ஜோடிப் பொருத்தம் என்று நினைப்பீர்கள். எனக்கே அந்தச் சந்தேகம் வந்ததால், ஒரு பிரதியில் அண்ணியை வங்கியில் உட்கார வைத்தேன். இன்னொன்றில் கேக் செய்து விற்க வைத்தேன். இரண்டு பேரும் நல்லவர்கள்தான். ஆனால் காருக்குள் ஏறியதும் ஜன்னலை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். [கேக் அண்ணி ரொம்ப நன்றாகப் பேசினார். அவரை வேறொரு கதைக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.] கதாசிரியன் கூச்சப்படுகிற இடத்தில் நிஜ வாழ்க்கை கூச்சப்படுவதில்லை. நிஜ அண்ணியையே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேன்.

வீட்டில் டிவி அலறும். அண்ணி குறைப்பார், அண்ணன் கூட்டுவார்.

"ஏங்க, ஒரு தடவை டெஸ்டுக்கு வந்து உக்காருங்களேன். வலிக்கவா போகுது?"

"என் காதை வெச்சுத்தாம்மா நான் சோறு திங்கறேன். அதுல என்ன கோளாறு வரும்? இப்பல்லாம் யாரும் வாயைத் திறந்து பேசறதில்ல, அதான் விஷயம்."

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். அண்ணன் பயந்துபோயிருந்தார். காது போய்விட்டது என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்த மோட்டார் அறைக்குள் தான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. காரைக் குறை சொல்வது அதைவிடச் சுலபம். அண்ணிக்கு இது தெரியும். அதனால்தான் அவர் வற்புறுத்தவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை.

4

ஷோரூமில் விற்பனைப் பொறுப்பில் இருந்த பெண் சுறுசுறுப்பானவர். அண்ணன் தரையில் ஒருக்களித்துப் படுத்து காருக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் இருவரிடமும் மாற்றங்களை அடுக்கினார். சேஸிஸை இன்னும் விறைப்பாக்கியிருக்கிறார்கள். சஸ்பென்ஷன் புதிது. டயர் அகலம். குதிரைசக்தி கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள். கியர் லீவர் முன்பைவிடச் சின்ன தூரம் நகர்ந்தால் போதும்.

"அப்புறம் சத்தம், மேடம். புது விதிமுறைனால வெளியில சத்தத்தைக் குறைக்க வேண்டியதாப் போச்சு. அதான் எஞ்சின் சத்தத்தை உள்ளே ஸ்பீக்கர் வழியா கூட்டிக் குடுக்கறாங்க. பிடிக்கலன்னா திரையில ஆஃப் பண்ணிக்கலாம்."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் காரைப் பார்த்தேன்.

பின்சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது மாறவில்லை. அதில் ஆள் உட்காரலாம் என்று நினைத்தவர் ஆள் என்ற ஒன்றைப் பார்த்ததே இல்லை. நான் முழங்காலைத் தாடைக்குக் கொடுத்து உட்கார்ந்தேன். அந்த ஸ்பீக்கர் சரியாக என் இடது காதுக்குக் கீழே இருந்தது.

ஊருக்கு வெளியே நேர் சாலை. அண்ணன் இரண்டாம் கியரில் மிதித்தார். கார் பாய்ந்தது. சத்தம் எழுந்தது. எனக்கு மண்டைக்குள் எழுந்தது.

"கேட்டியாடா! இது பேச்சு! இப்படித்தாண்டா நம்ம வண்டியும் பேசிட்டிருந்துச்சு!"

அவர் முகம் கண்ணாடியில் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது. வளைவில் கார் சாயவே இல்லை, கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது, ஸ்டீயரிங் மணிக்கட்டுக்கே பதில் சொன்னது. இதையெல்லாம் கட்டுரைக்காகக் குறித்துக்கொள்ள வேண்டியவன், அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு —

[இந்த வாக்கியத்தை முடித்தால் அழுகாச்சி ஆகிவிடும். விட்டுவிட்டேன்.]

5

திரும்பி வரும்போது அண்ணி திரையில் எதையோ தேடினார். பாட்டு போடுகிறார் என்று நினைத்திருப்பார் அண்ணன். என் காதுக்குக் கீழே இருந்த ஸ்பீக்கர் அடங்கியது. எஞ்சின் அடங்கவில்லை. முன்பக்கத்திலிருந்து அதன் சொந்தக் குரல், கொஞ்சம் கரகரப்பாக, எனக்கு நன்றாகவே கேட்டது.

அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார். காலை எடுத்தார். காரை ஓரம் கட்டி, கியரை நியூட்ரலில் போட்டார்.

"எஞ்சின் அணைஞ்சுடுச்சு போல. புது வண்டியாச்சே, இப்படிப் பண்ணுதே" என்றபடி ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார்.

ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் நின்றது.

எஞ்சின் சுற்றுவதைக் காட்டும் முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. அதை அவர் பார்த்தார். முள் விழுந்தால் என்ன அர்த்தம் என்று இயந்திரங்களோடு வாழ்ந்த மனிதருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அப்ப நம்ம வண்டி?"

"நம்ம வண்டி நல்லாத்தாங்க இருக்கு" என்றார் அண்ணி. "எதிர்வீட்டுல கேட்டுப் பாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. பின்சீட்டில் சிரித்தால் முழங்கால் தாடையை இடிக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அண்ணனும் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"லிஃப்ட்ல நான் எதையாவது கேக்காம விட்டிருப்பேனாம்மா?"

"இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல. இனிமேலும் ஆகக்கூடாதுன்னா வந்து உக்காருங்க."

"சரி, வரேன். ஆனா இந்தக் கார் விஷயத்துல நீயும் வாயைத் திறந்து ஒரு முடிவு சொல்லணும். எப்பக் கேட்டாலும் 'உங்க இஷ்டம்'னு நழுவற."

"அங்க வாங்க, சொல்றேன்."

6

இங்கே ஒரு முடிவு வைக்கலாம். வைத்துப் பார்த்தேன்.

ஒன்று: அண்ணன் ஸ்பீக்கரைத் திரும்பப் போட்டுக்கொண்டு, புதுக் காரை எடுத்துக்கொண்டு, சந்தோஷமாகப் போகிறார். ஆசிரியருக்குப் பிடிக்கும். விளம்பரம் கொடுப்பவர்களுக்கு இன்னும் பிடிக்கும். ஆனால் அந்த முள் விழுந்ததைப் பார்த்த மனிதர் அப்படிப் போகமாட்டார்.

இன்னொன்று: காதில் கருவி மாட்டிக்கொண்டு பழைய காரை முடுக்குகிறார். எஞ்சின் பேசுகிறது, கண் கலங்குகிறது. இது மருத்துவமனை வரவேற்பறையில் ஒட்டுகிற போஸ்டர். கிழித்துவிட்டேன்.

இதற்கு நடுவில் அண்ணன் பிரதியைப் படித்தார். தன்னைப் பற்றி எழுதியதற்குக் கோபப்படுவார் என்று பயந்தேன். அவருக்கு வந்த கோபமே வேறு.

"பிரேக்கைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நீயெல்லாம் என்னடா கார் எழுதற?"

எழுதிவிடுகிறேன். பிரேக் பெரிது. மிதித்தால் மூக்கு குத்தாமல், நான்கு சக்கரமும் சேர்ந்து உட்கார்ந்து நிற்கிறது. பின்விளக்குகள் ஒரே கோடாக இணைந்திருக்கின்றன. அது நன்றாக இருப்பதாக அண்ணனே ஒப்புக்கொண்டார். மூக்கு விஷயத்தில் மட்டும் இறங்கி வரவில்லை.

7

காரை ஓட்டிப் பார்த்த மறுநாள் மதியம். மருத்துவமனையில் அண்ணியின் அறை. கனத்த கதவு போட்ட ஒரு சின்னக் கூண்டு, அதில் ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே அண்ணன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் உட்கார்ந்த பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறார். வெளியே மைக்குக்கு முன்னால் அண்ணி. பக்கத்தில் நான். ஷோரூமுக்குச் சாயங்காலம்வரை நேரம் இருக்கிறது.

கூ என்ற சத்தங்களெல்லாம் முடிந்து, வார்த்தைகள் ஆரம்பித்தன. அண்ணி ஓர் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு சொல்வார். உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடாது, அதற்காக. அவர் சொல்வதை அண்ணன் திரும்பச் சொல்ல வேண்டும்.

"கதவு."

"கதவு."

"மரம்."

"மரம்."

ஒவ்வொரு முறையும் அண்ணி குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தார். அண்ணனின் பதில்கள் தாமதமாக ஆரம்பித்தன. ஒரு வார்த்தைக்கு அவர் வெறுமனே தலையாட்டினார்.

"பாத்தீங்களா?" என்றார் அண்ணி என்னிடம், மைக்கை மூடிவிட்டு. "கேக்கலன்னா தலையாட்டிடுவார். வீட்டுலயும் இதேதான். நான் எத்தனையோ விஷயம் சொல்லியிருக்கேன், எல்லாத்துக்கும் தலையாட்டல்தான். என்ன சொன்ன, திரும்பச் சொல்லுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல."

அவர் குரலில் கோபம் இல்லை. ரொம்ப நாள் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்ட ஆறுதல்தான் இருந்தது. பிறகு அட்டையைத் தூக்கினார், மைக்கைத் திறந்தார், குமிழை இன்னும் கொஞ்சம் குறைத்தார். சோதனையில் இல்லாத ஒரு வாக்கியத்தைச் சொன்னார்.

"புதுசு வேணாங்க. அந்தப் பழசுலதான் நீங்க என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு ஊர் சுத்தினீங்க. அது என்கிட்டயும் பேசும்."

"அண்ணி, கொஞ்சம் சத்தம் கூட்டுங்களேன்" என்றேன்.

"மாட்டேன். கேக்கலன்னா அவரே கேக்கட்டும். எத்தனை தடவை வேணும்னாலும் சொல்றேன். நீங்க கண்ணைக் காட்டி ஜாடை பண்ணாதீங்க, அந்தப் பக்கம் திரும்புங்க."

அண்ணி சொன்னால் மறுபேச்சு கிடையாது. சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். ஆகவே கண்ணாடிக்குப் பின்னால் அண்ணன் தலையாட்டினாரா, இல்லை புருவத்தைச் சுருக்கி வாயைத் திறந்தாரா என்று நான் பார்க்கவில்லை. அவர் குரல் இந்த அறைக்குள் வரும் முன்பே பேனாவை மூடுகிறேன். வந்தபின் எழுதினால் அது என் முடிவாகிவிடும்.

அண்ணியின் விரல் இன்னும் மைக் பொத்தானின் மேல் இருக்கிறது. கண்ணாடியைப் பார்த்து நிற்பது நீங்கள்தான். சொல்லுங்கள், கேட்டாரா?