அக்காவின் மாத்திரை

சகாயசெல்விக்கு நாற்பத்தொரு வயது. கணவன் ராஜாங்கத்தோடு மரக்காணம் உப்பளத்தில் வேலை. மாசியிலிருந்தே அவளுக்கு ஓயாத அசதி. சர்ச்சில் நடந்த முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு அளவைக் காட்டும் டி.எஸ்.ஹெச். ஏழு இருந்தது; ஐந்துக்குள் இருக்க வேண்டியது.

"லேசா தைராய்டு கம்மியா இருக்கலாம். டாக்டரைப் பாருங்க" என்றாள் நர்ஸ்.

அவள் டாக்டரிடம் போகவில்லை, அக்கா லிடியாவிடம் போனாள். லிடியா பத்து வருஷமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள்.

"எனக்கும் இப்படித்தான்டி ஆரம்பிச்சுது. இதையே போடு" என்று தன் பாட்டிலில் பாதியைக் கொட்டிக் கொடுத்தாள்.

மூன்றாவது வாரம், உப்பு வாரிக்கொண்டிருந்தபோது சகாயசெல்விக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. கை நடுங்கியது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். ராஜாங்கம் பதறிப்போய் பைக்கில் ஏற்றித் திண்டிவனத்துக்குக் கொண்டுபோனான்.

டாக்டரம்மா ஈ.சி.ஜி. எடுத்துவிட்டுக் கேட்டார். "வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவனுக்கும் தெரியாது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்; போனில் இருந்த முகாம் ரிப்போர்ட்டையும் காட்டினாள்.

"அது உங்க அக்கா ஒடம்புக்கு எழுதின அளவும்மா. இன்னையோட நிறுத்துங்க. டி.எஸ்.ஹெச். பத்தைத் தாண்டினாலோ, வயித்துல குழந்தை இருந்தாலோ மாத்திரை குடுப்போம். முகாம் ரிப்போர்ட்டுல உங்களுக்குத் தைராய்டு சுரக்குற டி4 சரியாத்தான் இருக்குது. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாத்து முடிவு பண்ணலாம்."

"அப்போ இந்த அசதி எதனாலங்க?"

டாக்டரம்மா அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது.

"மாசாமாசம் ரத்தம் அதிகமா போவுதா?"

யாரிடமும் சொல்லாததை அவர் கேட்டுவிட்டார். சகாயசெல்விக்கு அழுகை வந்துவிட்டது.

ஹீமோகுளோபின் எட்டுதான் இருந்தது. ஸ்கேனில் பயப்படும்படி எதுவும் இல்லை. ரத்தப்போக்குக் குறையவும், ரத்தம் ஊறவும் மருந்து எழுதினார்.

மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் பதினொன்றைத் தொட்டது; அசதியும் விட்டிருந்தது. டி.எஸ்.ஹெச். ஐந்துக்குக் கீழே வந்திருந்தது.

"தைராய்டுக்கு மாத்திரை வேணாம். வருஷத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் எடுத்தா போதும்" என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டாள். "எனக்கு மாத்திரை வேணாமாம்க்கா!"

"என்னாலதான் உனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு தூக்கமே இல்லடி" என்றாள் லிடியா.

"இனிமே நல்லா தூங்கு."

ராஜாங்கம் பைக்கைக் கிளப்பினான். வழியில் பெருமுக்கல் ஊரைத் தாண்டியும் சகாயசெல்வி அவன் காதருகே எதையாவது பேசிக்கொண்டே வந்தாள்.