கடைவாய்க்கு வெளிச்சம்

பல் டாக்டரின் கணவன் லிஃப்ட் மெக்கானிக். வீட்டின் முன்னறைதான் அவளுடைய கிளினிக். வாயைப் படமெடுத்துக் காட்டிவிட்டால் நோயாளிக்கு விளக்கும் வேலை பாதி குறையும் என்று ஒரு கேமராவும், அதன் தலையில் மாட்டும் ஃபிளாஷும் வாங்கியிருந்தாள். ஆனால் வாய்க்கு அருகே கொண்டுபோனால் லென்ஸின் நிழலே உள்ளே விழுந்தது. முன்பல் பளிச்சென்று தெரியும், கடைவாயோ குகை. ஃபிளாஷைக் கழற்றிப் பக்கவாட்டில் பிடிக்கலாம் என்றால், ஒரு கை கேமராவுக்கு, ஒரு கை கன்னத்தை ஒதுக்க. மூன்றாவது கைக்கு எங்கே போவது?

அவள் சலித்துக்கொண்டதைக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வேலையில் இறங்கினான். ஃபிளாஷைத் திறக்கவில்லை. பேட்டரியை எடுத்த பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும், தொட்டால் தூக்கிப் போட்டுவிடும் என்பது அவனுக்குத் தெரியும். வெளிச்சத்துக்கு வழி மாற்றிவிட்டால் போதும். சமையலறையிலிருந்து வெள்ளை பிளாஸ்டிக் டப்பா ஒன்றைச் சொல்லாமல் எடுத்தான். அடியிலும் மூடியிலும் லென்ஸ் நுழைகிற அளவுக்கு வட்டம் வெட்டினான். அடிப்பக்க வட்டத்துக்கு மேலே, ஃபிளாஷின் முகம் நுழைய ஒரு சதுரம். உள்ளே அலுமினியத் தாள் ஒட்டினான். வெளிச்சம் டப்பாவுக்குள் சுற்றி, லென்ஸைச் சூழ்ந்து மூடி வழியாக வெளியே வரும்.

முதலில் சோதிக்க உட்கார்ந்தவர், அவர்களோடு இருக்கும் மாமனார், அவளுடைய அப்பா. வாயைத் திறங்கள் என்றதும் பல் செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அதையே படம் எடுத்துப் பார்த்தால் பல்லில் பொட்டுப் பொட்டாக வெள்ளைப் புள்ளிகள். தாள் கசங்கியிருந்ததுதான் காரணம். அதை உரித்துவிட்டு வெறும் வெள்ளைக் காகிதம் ஒட்டினான். டப்பா ஆடியது, பழைய சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கினான். அடுத்த படத்தில் பல் செட் புதிதாகச் செய்து வாங்கிய அன்றைக்குப் போல் இருந்தது.

"கையில இருக்கிற பல்ல யார் வேணா எடுக்கலாம்," என்றாள் டாக்டர். "கடைவாய் தெரியுதான்னு பாக்கணும். நீங்க உக்காருங்க."

நான்கு மாதமாக வலது பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று அவனைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. இடது பக்கமாகவே மென்று, குளிர்ந்த தண்ணீரைத் தொடாமல், மனைவிக்குத் தெரியாமல் காலத்தை ஓட்டினான். சுவருக்கு அந்தப்பக்கம் எட்டு வருடமாகக் கேட்கும் நோயாளிகளின் முனகல்கள் அவனை அப்படி ஆக்கியிருந்தன. டியூபைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் படம் இருண்டுபோகும் என்று ஒரு யோசனை ஓடியது. செய்த வேலையைத் தானே கெடுக்க மனம் வரவில்லை. நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தான்.

அவள் ஒரு கையால் கன்னத்தை ஒதுக்கி, மறு கையால் எடுத்தாள். படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு கேமராவை அவன் பக்கம் திருப்பினாள். கடைவாய்ப் பல்லின் நடுவில் கரிய பள்ளம், ஓரம் உடைந்து, அத்தனை தெளிவாக இருந்தது.

"எத்தன மாசமா?"

அவன் நான்கு விரலைக் காட்டினான்.

தவளை தன் வாயால் கெட்டது என்று மாமனார் பல்லில்லாத வாயால் சிரித்தார். பொக்கை வாயில் அந்தப் பழமொழி பாதி காற்றாகத்தான் வந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. வேர்ச் சிகிச்சை வேண்டும், நாளைக்குத் தன் தோழியின் கிளினிக்குக்குப் போகலாம் என்றாள். அவளே ஏன் செய்யக்கூடாது என்று கேட்டான்.

"உங்க வாயில மிஷின வைக்க எனக்குக் கை வராது," என்றாள்.

அவள் பயந்து அவன் பார்த்ததே இல்லை. அதைக் கேட்டதும் தன் பயத்தைச் சொல்வது சுலபமாகிவிட்டது. "எனக்கும் பயம்தான். அதனாலதான் சொல்லல. ஆனா வேற யார்கிட்டயும் வாயத் திறக்க மாட்டேன்."

மறுநாள் காலை முதல் நோயாளி வருவதற்கு முன்பே அவன் அவளுடைய கிளினிக் நாற்காலியில் இருந்தான். ஊசியை அவள் தயங்காமல் போட்டாள். அவன்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பாதி வேலையில் அவள் ஒரு படம் எடுத்துப் பார்த்து, வேர்த் துளைகள்கூடத் தெரிகின்றன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவன் மரத்துப்போன வாயோடு, டப்பாவின் மூடி வட்டத்தை இன்னும் ஒரு விரல் அகலமாக வெட்டினால் மேல்வரிசையும் சரியாக வரும் என்று விளக்க முயன்றான். ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புரியவில்லை. வாயை மூடாமல் பேசாமல் இருங்கள் என்றாள்.