பேச்சி உட்கார்ந்திருந்த இடம்

தாடையில் போட்ட கம்பியை எடுத்து ஒரு மாதம் ஆன பிறகும் சுகிர்தம் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசவில்லை. டாக்டர் பேசலாம் என்று சொல்லிவிட்டார். யாரிடம் பேசுவது என்பதுதான் தெரியவில்லை.

பத்து வருஷமாக அவள் சுருளிப்பட்டியிலிருந்து மலைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போனவள். மலை மேல் இருந்த ஏலக்காய்த் தோட்டத்துக்காரர்கள் அவளைக் கங்காணி என்றார்கள். ஊரில் எல்லாருக்கும் சுகிர்தக்கா. விடியுமுன் ஜீப் வந்து முக்கில் நிற்கும்போது தெருத்தெருவாகப் போய்க் கதவைத் தட்டுவாள். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பெண்களும் அவள் பேச்சைத் தட்ட மாட்டார்கள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், ஐப்பசி அடைமழையில், வேலை முடிந்து கம்பம்மெட்டு மலைப்பாதையில் இறங்கி வந்த ஜீப் ஒரு வளைவில் திரும்பாமல் நேராகப் போய்விட்டது. டிரைவரோடு சேர்த்துப் பதினாலு பேர். அதில் ஐந்து பெண்கள் செத்துப்போனார்கள். ஐவரில் இளையவள் தங்கப்பேச்சி. பதினேழு வயது, சந்தனம்மாளின் ஒரே மகள். டிரைவருக்குப் பக்கத்தில் முன்சீட்டில் இருந்த சுகிர்தம், தாடையும் தோள்பட்டையும் முறிந்து உயிர் தப்பினாள்.

அன்றிலிருந்து எங்கே உட்கார்ந்தாலும் அவளுடைய வலது கால் தரையை மிதித்து அழுத்தியது. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாலும் அப்படித்தான். கட்டிலில் படுத்தால் கால்மாட்டுச் சுவரை மிதிக்கும். இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து கெண்டைக்கால் கல்லாகிக் கிடந்தது.

செத்தவர்கள் வீட்டு ஆட்கள் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 'கூட்டிட்டுப் போனவ குத்துக்கல்லா இருக்கா, போனவளுக மண்ணுக்குள்ள கெடக்காளுக' என்று அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். சந்தனம்மாள் ஒருத்திதான் விலகவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம்தான் சுகிர்தத்தைத் தின்றுகொண்டிருந்தது.

விபத்து நடந்த மறுநாள், கருமாதி கூட ஆகாத மகளுக்காக அழுது தொண்டை கட்டிப்போன சந்தனம்மாள், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து நின்றாள். "அக்கா, எம்புள்ள ஒன் பக்கத்துலதான இருந்தா? எப்பவும் போல முன்னாலதான?" என்று கேட்டாள். பேச்சிக்கு வளைவு ஏறினாலே குமட்டும். அதனால் சுகிர்தம் அவளை எப்போதும் தன்னோடு முன்சீட்டில்தான் வைத்துக்கொள்வாள். அது ஊருக்கே தெரியும். வாயில் கட்டுப் போட்டிருந்த சுகிர்தம் தலையை மட்டும் ஆட்டினாள். ஆமாம் என்று.

சந்தனம்மாள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அது போதும்க்கா. கடைசியில ஒங்கூட இருந்தாளே, அது போதும்" என்றாள்.

நிலோபர் தை மாதத்தில் வந்தாள். உத்தமபாளையத்துப் பெண். மதுரையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. தலையில் முக்காடு, தோளில் ஒரு பை, பைக்குள் டேப்ரிக்கார்டர். நோட்டுப் புத்தகத்தோடு வருகிற எவரையும் ஊர்ப் பெண்கள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். இவளும் டீச்சர் ஆனாள். விபத்தில் பிழைத்த பெண்களையும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமுதாயக்கூடத்தில் கூட்டி உட்காரவைத்தாள். ஆட்டத்தின் மூலமாகத் துக்கத்தை ஆற்றுவது என்று அவள் சொன்னபோது ஒருத்தருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்தது.

கூட்டத்தில் வாய் உள்ளவள் லூர்து மேரி. ஜீப்பில் பின்னால் இருந்து, விலா எலும்பு மட்டும் முறிந்து பிழைத்தவள். அவள்தான் கேட்டாள்.

"எழவு குடுத்தவுகளப் பாத்து ஆடச் சொல்றீகளே டீச்சர், இது நல்லாவா இருக்கு? ஊர்ல சிரிக்க மாட்டாகளா?"

நிலோபர் நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு, "எழவு வீட்டுல மாரடிச்சு அழுவீகள்ல. அதுவும் கையும் காலும் ஆடுறதுதானக்கா. வாய் சொல்லாதத ஒடம்பு சொல்லிரும்னு எனக்குப் படிச்சுக் குடுத்தாக. எனக்கும் முழுசாத் தெரியாது. நாம சேந்து பாப்போம்" என்றாள்.

அவள் அப்படித் தெரியாது என்று சொன்னது சுகிர்தத்துக்குப் பிடித்திருந்தது. சுவரோரமாக உட்கார்ந்து, காலை அழுத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் இரண்டு வாரமும் டேப்ரிக்கார்டர்தான் பாடியது. பெண்கள் அசையவில்லை. மூன்றாவது வாரம் நிலோபர் அதை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "நான் ஏலச்செடிய இன்னும் கண்ணால பாக்கல. காயி எப்படி எடுப்பீகன்னு காட்டுங்களேன்" என்றாள்.

இது தெரிந்த வேலை. லூர்து மேரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தாள். ஏலக்காய் மேலே காய்ப்பதில்லை, தூரில் மண்ணையொட்டித்தான் கிடக்கும். தண்டுத் தட்டையை விலக்கி, காய்ச்சரத்தைத் தூக்கி, முற்றின காயை மட்டும் கிள்ளி மடியில் போட வேண்டும். அவள் செய்துகாட்டியதைப் பார்த்து மற்றவர்களின் கையும் தானாக ஓடியது. விலக்கு, தூக்கு, கிள்ளு, போடு. நாலைந்து பேர் சேர்ந்து செய்தபோது அதற்கு ஒரு தாளம் வந்துவிட்டது. குந்தியபடியே ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்கு நகர்ந்தார்கள். யாரோ முனகலாக ஒரு மெட்டுப் போட்டார்கள்.

சந்தனம்மாள் மலையேறியவள் இல்லை. திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவள். அவள் எழுந்து வந்து லூர்து மேரிக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"எம்புள்ள இப்படித்தான் ஒக்காந்திருப்பாளா?"

"இப்படித்தான்க்கா. முட்டிய இன்னும் கொஞ்சம் மடக்கு. அவ கை வெரசாப் போகும்."

சந்தனம்மாள் முட்டியை மடக்கி, கையை வேகமாக ஓட்டினாள். அரை மணி நேரம் ஓட்டினாள். வியர்த்துக் கொட்டியது. அழுதாளா என்று பார்க்க முடியாதபடி முகம் முழுக்க ஈரம். முடித்து எழுந்தபோது, "இடுப்பு இம்புட்டு வலிக்குமா? ஒரு நாளும் சொன்னதில்லையே" என்றாள். அன்றைக்குத்தான் மூன்று மாதத்தில் முதல்முறையாக வயிற்றுக்குப் பசித்தது என்று பிறகு சொன்னாள்.

சுகிர்தமும் அன்று செய்தாள். தோள் உயரவில்லை. ஆனால் குத்தவைத்திருந்த அந்த நேரம் முழுக்கக் கால் எதையும் மிதிக்கவில்லை என்பதை வீட்டுக்கு வரும் வழியில்தான் கவனித்தாள்.

ஐந்தாவது வாரம் லூர்து மேரிதான் ஆரம்பித்தாள். "எனக்குக் காயி எடுக்குறதெல்லாம் பயமில்ல டீச்சர். வளைவுதான். கண்ண மூடுனா ஒடம்பு ஒரு பக்கமாச் சாயுது. அதயும் செஞ்சு பாத்தா என்ன?"

நிலோபர் யோசித்தாள். வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னாள். பெண்கள் விடவில்லை. கடைசியில் கூடத்தில் இருந்த பெஞ்சுகளை ஜீப் போலப் போட்டார்கள். முன்னால் குறுக்கே ஒன்று, பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு. பிழைத்தவர்கள் அவரவர் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். சுகிர்தம் முன்பெஞ்சில் உட்கார்ந்தாள். வலது கால் தரையை அழுத்தியது.

நிலோபர் பயந்த குரலில், "மெதுவா. வேணாம்னு தோணுனா ஒடனே எந்திரிச்சுருங்க" என்றாள்.

அப்போது சந்தனம்மாள் எழுந்தாள். "எம்புள்ள எடத்துல நான் ஒக்காருறேன்" என்று சொல்லி, நேராக வந்து முன்பெஞ்சில் சுகிர்தத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைக் கோத்துக்கொண்டாள்.

"அங்கன இல்லக்கா" என்றாள் லூர்து மேரி. அவளுக்கு ஒரு சூதும் தெரியாது. "பேச்சி அன்னைக்கு எங்ககூடத்தான் பின்னால இருந்தா. இந்தா, கடைசில, ஓரத்துல."

கோத்திருந்த கை அப்படியே இருந்தது. சந்தனம்மாள் சுகிர்தத்தைப் பார்த்தாள்.

"இவ சொல்றது நெசமாக்கா?"

இந்த முறை சுகிர்தத்தின் வாயில் கட்டு இல்லை. தலையாட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. அவள் கோத்த கையோடு எழுந்தாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாள் முழுக்க மழையில் நின்ற முட்டி. முன்பெஞ்சில் காலை அகட்டி நீட்டி உட்கார்ந்துகாட்டினாள். பிறகு மறுகையை வீசி, பின்னால் போ என்று காட்டினாள். இரண்டு தடவை வீசினாள். அந்தக் கை வீச்சு எப்படி இருந்ததென்றால், கோழியை விரட்டுவது போல இருந்தது.

"முட்டு வலின்னு சொன்னேன்" என்றாள். "ஒரு நாளைக்குப் பின்னால ஏறு தாயின்னு சொன்னேன். குமட்டுமேக்கான்னா. ஓரத்துல ஒக்காந்து காத்து வாங்கிக்கன்னேன். நான் காலை நீட்டுறதுக்காக."

சந்தனம்மாள் கையை உருவிக்கொண்டாள். செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனாள்.

சேதி அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சுகிர்தத்தின் புருஷன் பீட்டர்ராஜ் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். "போதும் ஆட்டம். சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்துட்டு வந்திருக்க. அந்தம்மா வந்து நம்ம வாசல்ல மண்ணை வாரித் தூத்தப்போகுது" என்றான்.

"தூத்தட்டும்" என்றாள் சுகிர்தம்.

யாரும் வந்து தூற்றவில்லை. நாலு நாள் கழித்து நிலோபர் வந்தாள். சரியாகத் தூங்காத முகம். "தப்பு எம்மேலதானக்கா. அந்த பெஞ்ச நான் போட்டிருக்கக் கூடாது. எங்க ஆபீசுலயும் திட்டுனாக. கொஞ்ச நாளைக்கு வேணாம்னு நிறுத்திட்டோம்" என்றாள்.

"பெஞ்சு என்ன செஞ்சுச்சு தாயி? பொய்யாத் தலையாட்டுனது நானு."

அந்த இரண்டு வாரம் சமுதாயக்கூடம் பூட்டிக் கிடந்தது. சுகிர்தம் கோயிலுக்கும் போகவில்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா என்று நினைத்தாள். சாமியார் கேட்டு என்ன ஆகப்போகிறது, கேட்க வேண்டியவள் கேட்டாயிற்று என்று விட்டுவிட்டாள். சந்தனம்மாள் வீட்டுக்குப் போய்க் காலில் விழலாம் என்று இரண்டு முறை கிளம்பி, தெரு முக்கோடு திரும்பி வந்தாள். விழுந்தால் அந்த மனுஷி என்ன செய்வாள்? எழுந்திரு என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் மிதிக்க வேண்டும். அவளுக்கு இன்னொரு பாரத்தைத் தூக்கி வைப்பதாகத்தான் ஆகும்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை லூர்து மேரி வந்து வாசலில் நின்றாள். "சந்தனக்காதான் டீச்சருக்கு போன் போட்டு வரச் சொல்லிருக்கு. நீயும் வரணுமாம். நீ வரலைன்னா அதுவும் வராதாம்" என்றாள்.

கூடத்தில் பெஞ்சுகளைச் சுவரோரமாக ஒதுக்கியிருந்தார்கள். சந்தனம்மாள் நடுவில் நின்றாள். சுகிர்தத்தின் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"ஒன்ன மன்னிக்க நான் வரல. அது எனக்கு வரல. எம்புள்ள அன்னைக்கு என்ன செஞ்சான்னு ஒனக்குத்தான் தெரியும், இவளுக்குத்தான் தெரியும். நீ நாக்கால சொன்னா எனக்கு நம்பிக்கையில்ல. செஞ்சு காட்டு."

சுகிர்தம் ஒவ்வொன்றாகச் செய்துகாட்டினாள். பேச்சி செடிக்கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து, முதுகை நெளித்து நிமிர்ந்தது. மழைக்குப் பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சேற்றில் ஒற்றைக் காலால் நொண்டி விளையாடிக்கொண்டு ஜீப்புக்கு வந்தது. முன்கதவில் கை வைத்தது. போ என்றதும் உதட்டைப் பிதுக்கியது. பிறகு, சரி போ என்பதுபோலத் தலையைச் சிலுப்பிக்கொண்டு பின்னால் ஓடியது. தோள் உயராத நாற்பது வயசுப் பெண் ஒரு சின்னப்பிள்ளையைப் போல நொண்டியடித்ததைப் பார்க்க யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு லூர்து மேரி செய்துகாட்டினாள். பின்ஓரத்தில் உட்கார்ந்த பேச்சி புளியங்கொட்டை அளவு புளியை வாயில் அடக்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்து முகத்தை வெளியே நீட்டியது. மழைத்தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து எதிரில் இருந்தவர்கள் மேல் தெளித்தது. எல்லாரும் திட்டத் திட்டத் தெளித்தது.

"தெளிச்சாளா?" என்றாள் சந்தனம்மாள்.

"தெளிச்சாக்கா. கடைசி வளைவு வரைக்கும்."

சந்தனம்மாள் கையை நீட்டி, தண்ணீர் பிடித்து, தெளித்தாள். மறுபடியும் தெளித்தாள். முன்கதவில் கை வைத்து, உதட்டைப் பிதுக்கி, தலையைச் சிலுப்பி, நொண்டிக்கொண்டு ஓடினாள். முதலிலிருந்து திரும்பச் செய்தாள். மற்றவர்கள் எழுந்து அவள் பின்னால் வட்டமாகச் சேர்ந்தார்கள். காலடி ஒன்றுசேர்ந்து சிமெண்டுத் தரையில் தடதடவென்று விழுந்தது. ஒரு சுற்றில் சந்தனம்மாள் சுகிர்தத்தின் எதிரே வந்தபோது நின்று, இரண்டு கையாலும் அவள் மார்பில் அடித்தாள். தன் மாரில் அடிப்பதைப் போலவே அடித்தாள். நிலோபர் பதறி முன்னால் வந்தாள். சுகிர்தம் வேண்டாம் என்று தலையசைத்தாள். அடி நின்றதும் சந்தனம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வட்டத்தில் விட்டாள். பிடித்த இடம் மறுநாள் கன்றிப்போயிருந்தது.

முடிந்தபோது எல்லாரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி தண்ணீர்க் குடத்தை நடுவில் கொண்டுவந்து வைத்தாள்.

"அடுத்த வாரமும் வா" என்றாள் சந்தனம்மாள்.

"வாறேன்."

சித்திரையோடு நிலோபரின் வேலைக்காலம் முடிந்து அவள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாள். பெண்கள் கூடத்துச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சுகிர்தம் மறுபடி மலைக்கு ஆள் கூட்டவில்லை. ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போனாள். கால் சில நாள் மிதிக்கும், சில நாள் மிதிக்காது. ஊர்ப் பேச்சு அடங்குவதற்கு வருஷக்கணக்காயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்துக்குள்ளே சந்தனம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். சில நாள் மகளைப் பற்றி அவளிடம் மட்டும் கேட்டாள். கதவைப் பூட்டி வெளியே வந்துவிட்டால், தெருவில் எதிரே பார்த்தாலும் பேச மாட்டாள். சுகிர்தமும் கூப்பிடுவதில்லை. ஒதுங்கி வழிவிட்டு, அவள் போன பிறகு நடந்தாள்.