மஞ்சள் இல்லாத வீடு

அகராதி அலுவலகத்தில் எக்ஸ் எழுத்துச் சொற்களைக் கவனித்துவந்தவர் ஜான்திக் (xanthic) என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து நீக்கிய செவ்வாய்க்கிழமை, அவர் வீட்டிலிருந்து மட்டும் மஞ்சள் நிறம் போய்விட்டது. மஞ்சள் சார்ந்தது என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். நாற்பது வருடமாக யாரும் பயன்படுத்தியதாக உதாரண வாக்கியச் சீட்டு வராத சொல்லை நீக்கிவிட வேண்டும் என்பது அலுவலக விதி. விதி என்றால், ஆபீசில் எக்ஸ் சார் என்றே பெயராகிவிட்ட அவருக்கு உயிர். தவறுக்கும், தெரியாத எண்ணுக்கும், ஆங்கிலக் கடிதத்தின் அடியில் வைக்கும் முத்தத்துக்கும் அடையாளமாக நிற்கும் அந்த எழுத்தையே சொல்லின் மேல் சிவப்புப் பென்சிலால் போட்டுவிட்டு வீடு திரும்பினார். எலுமிச்சம்பழம் கூழாங்கல் நிறத்தில் இருந்தது. பல்பு சாம்பலாக எரிந்தது.

“அந்தச் சொல்லத் திரும்பச் சேத்துடுங்களேன்,” என்றாள் மனைவி.

“வெளியாள் யாராவது எழுதியிருக்கணும். ஆபீஸ் ஆளே வாக்கியம் எழுதக் கூடாது.”

“ஒரு வரி எழுதினா தலையா போயிடும்?”

போயிருக்காது. ஆனாலும் அவர் எழுதவில்லை. பக்கத்து வீட்டார் சில நாள் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். அடுத்த மாதம் வந்த கல்யாண நாளன்று கூடத்தில் எடுத்த படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அதற்குள்ளேயே அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அடிக்கடி படுத்துக்கொண்டாள். முட்டிவலிக்காரி, மூன்றாவது மாடியிலிருந்து இறங்குவதே இல்லை. வீட்டுக்கு வந்த டாக்டர் இமையை விலக்கிப் பார்த்தார், கண் வெள்ளைவெளேரென்று இருந்தது. சத்து மருந்து எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் மாதம் நினைவு தப்பியவளைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியபோதுதான் பாதி திறந்திருந்த கண்களின் மஞ்சள் தெரிந்தது. நகம், உதடு, கழுத்து எல்லாம் மஞ்சள்.

“இவ்வளவு முத்தற வரைக்கும் யாருமே கண்ணப் பாக்கலையா?” என்று ஆஸ்பத்திரி டாக்டர் எரிந்து விழுந்தார். எக்ஸ் சார் தினமும் பார்த்திருந்தார். ஐந்தாம் நாள் அவள் போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்ததும் அவர் அலுவலகம் போய், விதியை மீறித் தன் கையெழுத்திலேயே ஒரு சீட்டு எழுதினார்: என் மனைவியின் கண்கள் ஜான்திக் நிறத்தில் இருந்தன. யாரும் ஆட்சேபிக்கவில்லை. மேலதிகாரி படித்துக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார். அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் அவரைக் கொல்லாமல் கொன்றது.

அன்று மாலை வீட்டுக்கு மஞ்சள் திரும்பியிருந்தது. பல்பில் வந்திருந்தது, காய்ந்துபோன எலுமிச்சையில் வந்திருந்தது. கல்யாண நாள் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தவளின் கண்களிலும் வந்திருந்தது. அவர் படத்தைக் கழற்றவில்லை. அதன் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.